நூத்தித் தொண்ணூத்தெட்டாவது எடம்

அய்யே, கீழ போடுங்க சாமி அத்த. ராணியும் ஏழும். அதுவும் ஒண்ணு ஆட்டீனு, ஒண்ணு கிளாவரு. அத்த வெச்சிக்கினு மொத ஆளா உள்ள போறீங்களே, உங்களுக்கு அப்பால எட்டு பேரு பேசறதுக்கு குந்திக்கினு கீறாங்க. எவன் கைல இன்னா கீதுன்னு தெரியுமா? தெரியாது. ஆனா போவீங்க. ஏன்னா ராணி பாக்க அழகா கீறா.

ம்க்கும். போச்சா?

இன்னா அப்பிடி மொறைக்கறீங்க. பக்கத்துல குந்திக்கினு அடுத்தவங்க போன எட்டிப் பாக்கறது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு மணி நேரமா இந்த போக்கர் ஆட்டத்த பாத்துக்கினு கீறேன், என்னால தாங்க முடியல. நெத்தியில நாமம் இம்மா நேரா போடத் தெரியுது, ரெண்டு சீட்ட கீழ போடத் தெரியலியே. ஸ்க்ரீன்ல பிரஹ்லாத்னு போட்டுக்கீதே, அது நீங்கதானே? திருப்பதியா? நெனச்சேன். ஸ்கூட்டர்ல வுழுந்தீங்களா? கணுக்காலுதானே, இங்க புத்தூர்ல எல கட்டுனாங்கன்னா மூணு கட்டுல சரியாப் பூடும். உங்க டோக்கன் எத்தினி? எம்பத்தி மூணா? இப்பதான் நாப்பத்தி நாலு உள்ள போயிக்கீது. நேரம் கெடக்குது. ஆடுங்க, ஆனா மனுசன் மாறி ஆடுங்க.

ஓசி சிப்ஸ்தானே, டைம் பாஸுக்குத்தானேன்னு சொல்லாதீங்க. சிப்ஸ் ஓசின்னா புத்தியுமா ஓசி? ஆந்திராவுல காசு ஆட்டம் தொறக்காதுன்னு எனக்கும் தெரியும். தெரியாமயா.

அந்த நாப்பத்தி நாலு எங்க வூட்டுக்காருதான், உள்ள கீறாரு. மணிக்கட்டு. உமாபதின்னு பேரு. நான் நகரி. பவர்லூம் கொட்டாயில நாலு தறி பாத்துக்கறேன். நாலும் ஒரே நேரத்துல ஓடும், எதுல நூலு அறுந்தாலும் சத்தம் மாறும், திரும்பாமலே தெரியும் எனக்கு. அதனால ஒம்போது பேரு குந்தற டேபிள பாக்கறது எனக்கு ஒண்ணும் பெரிய வித்த இல்ல. உங்களுக்குத்தான் உங்க ரெண்டு சீட்ட தவிர வேற எதுவும் கண்ணுல படல. அந்த மூலயில பச்ச சட்ட பொம்ம போட்டவன் கீறான் பாருங்க, அவன் அர மணி நேரமா ஒரு கை கூட ஆடல. இப்ப ஆடறான்னா அவன் கைல சரக்கு கீதுன்னு அர்த்தம். நீங்க அவங்கிட்டயே போயி மோதறீங்க. அவனுக்கு உங்க சிப்ஸ தாம்பாளத்துல வெச்சி குடுத்துட்டு வந்தீங்க.

சொல்றேன், கேட்டுக்கோங்க. இது எத்தினி பேரு ஆடற டோர்னமென்ட்டு? ஆயிரத்தி எட்நூறா? இம்மா பெரிய ஆட்டத்துல மொத ரெண்டு மணி நேரத்துல ஒருத்தனும் ஜெயிக்கறதில்ல. தோக்கறவன் மட்டும்தான் தோக்கறான். அப்ப இன்னா செய்யணும்? குந்திக்கினு பாக்கணும். பத்து கை வந்தா ரெண்டு ஆடுனா போதும். எல்லாருக்கும் கடசியா பேசற எடம் உங்களுக்கு வரும்போது கொஞ்சம் சாதா கை கூட ஆடலாம், மத்தவன் இன்னா செஞ்சான்னு பாத்துட்டுத்தானே நீங்க பேசறீங்க. மொத பேசற எடத்துல நல்ல கை இல்லன்னா வாயத் தொறக்கக் கூடாது. அந்தே சாமி, அவ்ளோதான். இதுக்கு ஒரு படிப்பு வேணுமா? பேங்குல வேல செய்யறேன்னு வேற சொன்னீங்க.

அப்பறம் அந்த பிளைண்டு, கட்டாயமா ஆளு மாத்தி ஆளு போடறது, அது ஏறிக்கினே போவும். உங்க கிட்ட எட்டாயிரம் கீதுன்னு சந்தோசப்பட்டுக்கினு கீறீங்க. எட்டாயிரம் இன்னா எட்டாயிரம், பிளைண்டு அறநூறு ஆயிடுச்சி. இன்னும் பதிமூணு தபாவுக்குத்தான் உங்க கிட்ட சரக்கு. பத்துக்கு கீழ வந்துட்டா கொஞ்சிக்கினு இருக்கக் கூடாது. ஒண்ணு மொத்தத்தயும் தள்ளணும், இல்ல கீழ போடணும்.

இரு இரு. ஆசு ராஜா! இப்ப தள்ளுங்க. மொத்தமும். அட தள்ளுங்க சாமி, ஓசின்னு சொன்னீங்களே!

ஆங். பாத்தீங்களா, ரெட்டிப்பு ஆயிடுச்சி. ரெண்டு பேரு கூட வந்தானுங்க, ரெண்டுக்கு மேலயே ஆயிடுச்சி. எனக்கு தேங்க்ஸ் ஒண்ணும் வேணாம்.

எங்க கத்துக்கினேனா? யாரு கத்துக் குடுப்பாங்க எனக்கு. எங்க வூட்டுக்காரும் அவரு சிநேகிதரு சுரேஷ்பாபுவும் இந்த ஆட்டத்த போன்ல எறக்கனாங்க. நகரியில காசு ஆட்டம் தொறக்காது, போனு நீ எங்க கீறன்னு கண்டுபுடிச்சிடுது. அதனால பைக் எடுத்துக்கினு பார்டர் தாண்டி தமிழ்நாட்டு பக்கம் போயி, ரோட்டோரமா பைக்க நிறுத்திட்டு, வெயில்ல நின்னுக்கினு ஆடுவாங்க ரெண்டு பெரிய மனுசங்களும். அந்தப் பக்கம் நூறு அடி போனா ஆட்டம் தொறக்கும், இந்தப் பக்கம் வந்தா மூடிக்கும். ஒரு மாசத்துல ரெண்டு பேரும் தோத்து, ச்சீ இது மோசம், கம்பெனிக்காரன் சீட்ட மாத்தறான்னு சொல்லிட்டு வுட்டுட்டாங்க. அவன் ஏன் மாத்தறான்? இவங்க ஆடற அழகுக்கு அவன் மெனக்கெடணுமா?

பள்ளிப்பட்டுல எங்க அக்கா கமலம்மா கீறா. வாரத்துல ரெண்டு நாளு அங்க நூலு எடுக்கப் போவேன். அதும் தமிழ்நாடுதானே. எங்க வூட்டுக்காரு போன எடுத்துக்கினு போயி, அக்கா சோறு ஆக்கற நேரத்துல குந்தி ஆட ஆரம்பிச்சேன். மொதல்ல பத்து ரூபா ஆட்டம். மூணு மாசம் யாருக்கும் சொல்லல. அப்பறம் ஒரு நாளு பெரிய ஆட்டம் ஒண்ணு வந்துது. அதுல மொத பத்து பேருக்குள்ள வந்தா கோவால நேர்ல நடக்கற டோர்னமென்ட்டுக்கு ஒரு சீட்டு, போக வர, தங்கற எடம், எல்லாம் அவன் குடுப்பான். ஏழு மணி நேரம் ஆடனேன் சாமி. அக்கா சாப்புடு சாப்புடுன்னு தட்ட வெச்சா, துன்னல. நாலாவது வந்தேன்.

ஆமா, நான்தான். நானேதான். ஏன், நம்பற மாறி இல்லியா?

ஆனா பேரு? போனு அவருது, சிம்மு அவருது, பேங்கு அவருது. பான் கார்டு அவருகிட்டதான் கீது, வூட்டு லோனுக்கு எடுத்தது. எனக்கு எதுக்கு பான் கார்டு? எங்க தெருவுல எந்தப் பொம்பள கிட்ட கீது? அன்னிக்கி ஸ்க்ரீன்ல வந்துது, வாழ்த்துகள் உமாபதின்னு. கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டேன். ஆடனது நான், நான் வரட்டுமான்னு. அந்தப் பொண்ணு தெலுங்குல நல்லா மரியாதையாதான் சொன்னா, எவுரு பேருல கீதோ அவுருதான் அம்மா வரணும், இல்லன்னா சீட்டு கேன்சல்னு. நான் இதுக்கு மேல பேசுனா ஆடனதே தப்புன்னு சொல்லிடுவாங்கன்னு போன வெச்சிட்டேன். அங்க டேபிள்ல குந்தப் போறது அந்தாளுதான்னு ஆயிடுச்சி.

சரி, புருசன்தானே, வூட்டுக்குத்தானே வரும்னு நானும் நெனச்சேன். போவட்டும், நான் கத்துக் குடுத்து அனுப்பறேன்னு. எடம் என்னுது, ஆளு மட்டும் அவருன்னு.

மூணு வாரம் கத்துக் குடுத்தேன். தறி நிறுத்தனதுக்கு அப்பால ஒரு மணி நேரம். உங்கள மாறிதான், படம் போட்ட சீட்டு வந்தா சிரிப்பாரு. மூஞ்சிலயே தெரியும். ரெண்டு ஆசு வந்தா காது செவந்துடும். அந்த மூஞ்சிய ஒரு டேபிள்ல வெச்சா, எதுத்தாப்புல குந்தறவன் சீட்ட ஏன் பாக்கணும், இவர பாத்தா போதாதா? தொப்பி போட்டுக்கோன்னு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்.

இதுல கூட எனக்கு கோவம் இல்ல. தெரியாதவனுக்கு தெரியாது, அவ்ளோதானே. ஆனா இன்னா நடந்துது தெரியுமா? ஊரு பூரா சொல்லிட்டாரு, நான் ஜெயிச்சேன்னு. கொட்டாயில ஓனரு கூப்புட்டு டீ வாங்கிக் குடுத்தாரு. உமாபதிக்கு இம்மா மூளையா, எங்கடா ஒளிச்சி வெச்சிருந்தன்னு. நான் அங்கதான் நிக்கறேன், ரெண்டாவது தறிகிட்ட. எங்க வூட்டுக்காரு என்ன ஒரு பார்வ பாத்தாரு. சும்மா கீயேன், எப்பிடி சொல்றதுன்ற மாறி ஒரு பார்வ. நான் தறி பக்கம் திரும்பிட்டேன்.

அந்த சுரேஷ்பாபு வூட்டுக்கு வர ஆரம்பிச்சாரு. அண்ணா, எனக்கும் கத்துக் குடு அண்ணான்னு. குந்த வெச்சி இவரு பாடம் எடுக்கறாரு. நான் அடுப்புகிட்ட களி கிண்டிக்கினு கேக்கறேன். மொத நாளு நான் சொன்னத மறுநாளு இவரு சொல்லுவாரு. அதுவும் பாதி தப்பு. கடசியா பேசறவனுக்குத்தான் பலம் தம்பின்னு சொல்லுவாரு, ஏன்னு கேட்டா தெரியாது. இருமுவாரு. அப்பறம் அனுபவத்துல வரும்பாரு. அனுபவமாம். ஒரு நாளு சுரேஷ்பாபு என்னப் பாத்து, அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் புரியுதான்னு கேட்டாரு. அவரு சிரிச்சாரு சாமி. எங்க வூட்டுக்காரு. அவளுக்கு எங்க, களி ஆச்சான்னு கேளுன்னாரு.

தண்ணி இருந்தா குடுங்க கொஞ்சம்.

கோவாக்கா? போனாரு. குண்டக்கல்லு போயி வண்டி மாறி போனாரு. ரெண்டாயிரத்து நூறு பேரு ஆட்டம். பரிசு இரநூத்தி அறுவது பேருக்கு. நம்மாளு எத்தினியாவது? நூத்தித் தொண்ணூத்தெட்டு. ஆமா, பரிசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த எடத்துக்கு இன்னா குடுப்பான், ஆட்டத்துக்கு உள்ள போற டிக்கெட்டு வெல இன்னாவோ அதுக்கு மேல கொஞ்சம். மொத ஒம்போது பேருக்கு குடுக்கறான் பாருங்க, அதுதான் பரிசு. வூட்டு லோனு தீரும், சொந்தமா ரெண்டு தறி போடலாம். மத்ததெல்லாம் வந்து போன செலவு.

அதுக்கு அந்தாளு பண்ண கூத்து இருக்கே. ஜெயிச்சா மொட்டன்னு வேண்டிக்கினு போனவரு, நூத்தித் தொண்ணூத்தெட்டுக்கு திருப்பதியில எறங்கி, மலைக்கி போயி மொட்ட அடிச்சிக்கினு, லட்டு வாங்கிக்கினு வராரு. உங்க பெருமாளுக்கே சிரிப்பு வந்திருக்கும். நகரி பஸ் ஸ்டாண்டுல கொட்டாய் ஆளுங்க இருவது பேரு மால வாங்கிக்கினு நிக்கறாங்க. தோள்ல தூக்கனாங்க. உமாபதி அண்ணா ஜிந்தாபாத்துன்னு நாலு அடி நடந்தாங்க, போட்டுட்டாங்க. எவனோ ஒருத்தனுக்கு போன் வந்துது, எடுக்கறதுக்கு கைய வுட்டுட்டான். அதுதான் மணிக்கட்டு. நேத்து சாயங்காலம். ராவே இங்க வந்து படுத்துக்கெடந்து, காலயில டோக்கன் வாங்கனோம். இருவது பேரு தூக்கியும் கீழ வுழுந்த ஒரே ஆளு எங்க வூட்டுக்காருதான்.

சிரிங்க, சிரிங்க. எனக்கும் சிரிப்புதான் வந்துது.

அடடே, அத்த ஏன் கீழ போட்டீங்க? ரெண்டு ஒம்போது, அத்த ஏன் போட்டீங்க? இன்னா ஆச்சி உங்களுக்கு? இப்ப எத்தினி பேரு மிச்சம்? இரநூத்தி பத்தா? ஓசி ஆட்டம், அதான் இம்மா சீக்கிரம் காலியாவுது. பரிசு இரநூறு பேருக்கா? ஓ, அதான். பரிசு கோடு கிட்ட வந்துட்டீங்க, அதான் கைய மடிச்சிக்கினு குந்திட்டீங்க. இன்னும் பத்து பேரு போயிட்டா உள்ள வந்துடலாம்னு.

அதுதான் சாமி, புதுசா ஆடறவன் பண்ற பெரிய முட்டாத்தனம். ராணி ஏழு ஆடனீங்களே, அது கூட பரவால்ல, அது அறியாத்தனம். இது பயம். நல்லா பாருங்க, இந்த டேபிள்ல இப்ப யாருகிட்ட அதிகமா கீது? உங்ககிட்டதான். பச்ச சட்டக்காரன் கிட்ட பாதி கூட இல்ல. அவன் இப்ப மூச்சு கூட வுடமாட்டான், கோட்டத் தாண்டற வரைக்கும் ஆசு வந்தாலும் யோசிப்பான். டேபிள் பூரா அப்பிடித்தான் பயந்துக்கினு குந்திக்கீது. இப்ப நீங்க தள்ளுனா எவன் எதுத்து வருவான்? வந்து தோத்தா அவன் வூட்டுக்கு வெறுங்கையோட போவணும். நீங்க தோத்தாலும் உங்களுக்கு மிச்சம் இருக்கும். எல்லாரும் பயப்படற இந்த அர மணி நேரம்தான் அடிக்கற நேரம். இந்நேரம் கை இன்னா வந்துதுன்னு கூட பாக்கக் கூடாது. இங்க பதுங்கறவன் பரிசு வாங்குவான், ஆட்டத்த ஜெயிக்க மாட்டான். கோட்டத் தாண்டுனதும் பிளைண்டு அவன கொஞ்சம் கொஞ்சமா துன்னுடும்.

தள்ளுங்க. ஏதோ ஒண்ணு. பத்தும் ஆறுமா, பரவால்ல, தள்ளுங்க.

பாத்தீங்களா, எட்டு பேரும் கீழ போட்டுட்டானுங்க. அடுத்த கையும் தள்ளுங்க.

இன்னா கேட்டீங்க? கோடு கிட்ட அடிக்கணும்னு எனக்கு அப்பவே தெரியுமான்னா?

ஆமா. தெரியும். அவர கோவா போகச் சொல்றதுக்கு முன்னாடியே தெரியும், ரொம்ப நாளாவே தெரியும். அக்கா வூட்ல அப்பிடித்தானே நாலாவது வந்தேன்.

இல்ல, அவருக்கு அத்த கத்துக் குடுக்கல.

கத்துக் குடுக்கல சாமி. மூணு வாரமும் ஒரே பாட்டுதான் பாடனேன். குந்து, கீழ போடு, கோடு தாண்டு, அது போதும்னு. கோடு தாண்டுனதும் தானா பெரிய எடத்துக்கு கொண்டும்போயிடும்னு. அந்தாளுக்கு அது பொய்யின்னு தெரியாது. நான் சொன்னா சரியாதான் இருக்கும்னு கேட்டுக்கினாரு.

கோவா ஆட்டத்துல ரெண்டாவது நாளு மத்தியானம் எனக்கு போன் வந்துது. பிரேக்ல வெளிய வந்து பேசறாரு. தறி சத்தத்துல கேக்கல, நான் கொட்டாய்க்கு வெளிய வந்தேன். இந்திரா, முந்நூறு பேருதான் மிச்சம், எங்கிட்ட எல்லாரையும் விட ரெண்டு பங்கு கீதுன்றாரு. எப்பிடியோ சீட்டு நல்லா வந்துக்கீது. அந்தாளு பொய் சொல்ல மாட்டாரு சிப்ஸ் விசயத்துல, சொல்லவும் தெரியாது. அப்பறம் கேட்டாரு. எதுக்க குந்திக்கீறவங்க எல்லாம் பயந்த மாறி கீறாங்க இந்திரா, அடிக்கட்டுமான்னு.

அதுவரைக்கும் அந்தாளு ஒரு தபா கூட சரியான கேள்வி கேட்டதில்ல. அன்னிக்கி கேட்டுட்டாரு. அடின்னு ஒரு வார்த்த. நாக்கு நுனியில கீது. சொல்லியிருந்தா அந்த ஒம்போது பேருல ஒருத்தரா வந்திருப்பாரோ இன்னாவோ. வந்தா தறி வரும், லோனு தீரும். பஸ் ஸ்டாண்டுல பேனர் வெப்பாங்க. உமாபதின்னு. பேப்பர்ல போடுவாங்க. அந்த சுரேஷ்பாபு தெனமும் வூட்ல வந்து குந்துவாரு. நான் அடுப்புகிட்ட நிப்பேன். சாவற வரைக்கும் நிக்கணும்.

வயிறு எரிஞ்சுது சாமி. சத்தியமா சொல்றேன், சொந்தப் புருசன் மேல அப்பிடி எரிஞ்சுது.

கைய மடிச்சிக்கினு குந்து, இன்னா வந்தாலும் தொடாத, நான் சொல்ற வரைக்கும்னு சொன்னேன். சரிம்மான்னு போன வெச்சிட்டாரு. நான் மறுபடி போன் பண்ணல. தறி கிட்ட போயிட்டேன்.

நேத்து ராத்திரி ஆட்டோவுல இங்க வரும்போது சொல்றாரு. மொட்டத் தலயில மால பூவு ஒட்டிக்கினு கீது, கையி வீங்கிப் போயி வலில பல்ல கடிச்சிக்கினு சொல்றாரு. கோட்டத் தாண்டுன அப்பறம் ரெண்டு ராஜா வந்துச்சாம். ரெண்டு ராஜா! எவனோ எதுத்தாப்புல மொத்தத்தயும் தள்ளிக்கீறான். இவரு தொப்பிய இழுத்து வுட்டுக்கினு, ரெண்டையும் கவுத்து கீழ போட்டுட்டாராம். நீ சொல்லலியேன்னு போட்டுட்டேன் இந்திரான்றாரு. பக்கத்துல இருந்தவன் சிரிச்சானாம், இவரு கண்டுக்கலியாம். அந்த மனுசனுக்கு தெரியாது, எனக்கு சொல்றதுக்கு ஆளு கீறான்னு மனசுல சொல்லிக்கினாராம்.

அப்பறம், அந்த நல்ல கைய என் தொட மேல வெச்சாரு. அடுத்த தபா உன் பேச்ச இன்னும் கெட்டியா கேக்கறேன்னாரு.

நாப்பத்தி நாலு வெளிய வராங்க போல. அதோ, அவருதான், மொட்டத்தல. இருங்க சாமி, வேட்டி அவுருது பாருங்க, ஒரு கையால எப்பிடி கட்டுவாரு. நான் போவணும்.